இரவல் நிலம்

விங்கேட்வில் பஞ்சாலையின் மணி அடிக்கத் தொடங்கினால் ஆற்றின் மேற்குக் கரையில் நாய்கூடப் படுத்திருக்க முடியாது. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஆலைக் குடியிருப்பின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. கையில் சாப்பாட்டு வாளியும் தோளில் கம்பளிச் சால்வையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். தூக்கம் கலையாத ஆண்கள் பின்னால் வந்தார்கள். ஏப்ரல் பிறந்தும் குளிர் விடவில்லை. மலையில் உருகிய பனி இறங்கி, ஆற்றைச் சேற்று நிறமாக்கி, மரப்பாலத்தின் கால்களை முட்டிக்கொண்டு ஓடியது.

ஜோதம் பெக்கம் எல்லாருக்கும் முன்பே பாலத்தைக் கடந்து வந்துவிட்டான். அவன் தறிக்கூடத்துப் பழுதுகாரன். நெய்கிறவர்கள் வந்து சேர்வதற்குள் தறிகளுக்கு எண்ணெய் விட்டு, தளர்ந்த தோல்பட்டைகளை இழுத்துக் கட்டி, தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றி வைக்க வேண்டும். கூடத்தின் சன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வெளிக்காற்றுப் பட்டால் நூல் உலர்ந்து அறுந்துவிடுமாம். நூலுக்கு இருந்த மரியாதை நுரையீரலுக்கு இல்லை. திமிங்கில எண்ணெய் விளக்கின் புகையும் பஞ்சுத் தூசும் சேர்ந்து, வேலை தொடங்கும் முன்பே தொண்டையைக் கரகரக்க வைத்தன. ஒரு தறியின் அடியில் மல்லாந்து படுத்து திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

மரம் முறிகிற சத்தம். அதன் மேலேயே பெண்களின் கூக்குரல்.

ஜோதம் உடனே எழுந்து ஓடவில்லை. ஒரு கணம் அப்படியே கிடந்தான். பாலத்தின் எந்தக் கால் முறிந்திருக்கும் என்று பார்க்காமலே அவனுக்குத் தெரியும். பாறையை ஒட்டி நின்ற கால். போன இலையுதிர்காலத்தில் சும்மா கத்தியால் குத்திப் பார்த்திருந்தான். கத்தி கைப்பிடிவரை இறங்கியது.

பிறகு ஓடினான். கயிறு தேட நேரமில்லாமல் தறிப் பட்டைகளை முடிந்து ஆற்றில் வீசினார்கள். நனைந்த பாவாடைகள் கனத்து இழுக்க, விழுந்த பெண்களை ஒவ்வொருவராய்க் கரையேற்றினார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். நெசவுக்காரி ஆல்மிரா ஸ்வீட்டின் கால் மட்டும் முறிந்த உத்திரத்துக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உத்திரத்தை நெம்பித் தூக்கியபோது அது கால் என்று சொல்லும்படி இல்லை.

துணி மடிக்கிற மேசையில் அவளைக் கிடத்தி, ரம் ஊற்றிக் கொடுத்து, வைத்தியர் முழங்காலுக்குக் கீழே அறுத்தார். ஜோதம்தான் அவள் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. அவன் வலது சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான் ஜோதம். மார்ச் மாதக் கூட்டத்தில் அவன் தூக்கியது அந்தக் கையைத்தான்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ராஜா கிடையாது. ராஜாவை விரட்டியடித்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் ராஜா காலத்துச் சட்டம் ஒன்று மட்டும் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தது. சொந்தமாக நிலம் உள்ள ஆணுக்குத்தான் வாக்கு. அவனை விட்டால் அவனுடைய மூத்த மகனுக்கு. நெய்கிறவனுக்கு இல்லை, நூற்கிறவனுக்கு இல்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. விங்கேட்வில்லில் ஆலை, வீடுகள், கடை, தேவாலயம் நிற்கிற மண் எல்லாமே லெமுவல் விங்கேட்டுடையவை. ஊருக்குப் பெயரே அவருடையதுதான். சுற்றுவட்டாரத்து உழவர்களுக்கு மட்டும்தான் அவரைத் தவிர நிலம் இருந்தது. அவர்கள் ஒன்று சேர்ந்தால் ஊர்க்கூட்டத்தில் விங்கேட்டுக்குக் கைகள் போதாது.

கை போதாவிட்டால் கை செய்துகொள்வார். கூட்டத்துக்கு முன்பு நம்பிக்கையான ஆட்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, ஒன்றுக்கும் உதவாத நிலத்தில் ஆளுக்கு ஒரு துண்டை அவர்கள் பெயருக்கு எழுதிவைப்பார். கூட்டம் முடிந்ததும் திருப்பி எழுதி வாங்கிக்கொள்வார். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல, வாக்குக்கு நிலம் இரவல். அக்கம்பக்கத்து ஆலை ஊர்களிலும் இதே வழக்கம்தான். இதற்காக யாரும் கூச்சப்பட்டதில்லை. இந்த வருஷம் ஆகஸ்டில் இன்னொரு தேர்தல் இருந்தது. இடையில் திருப்பி எழுதி மறுபடி எழுதிக்கொடுக்க எழுத்தருக்கு வீண் தண்டம் எதற்கு என்று, நிலங்களை அதுவரை அவரவர் பெயரிலேயே விட்டுவைத்தார் விங்கேட். பணக்காரரின் சிக்கனம்.

மார்ச் கூட்டத்தில் ஓர் உழவர் எழுந்து, பாலம் உளுத்துவிட்டது, ஊர் வரியில் புதிதாய்க் கட்டுவோம் என்றார். வரி என்றால் அதிகம் கட்டவேண்டியவர் விங்கேட். "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாலம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஜோதம் உட்பட இரவல் நிலக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஜோதமுக்கு இந்தப் பக்கம் சாயப்பட்டறை ஸ்டூக்லி டானர், அந்தப் பக்கம் வண்டிக்காரன். கத்தி இறங்கிய மரம் ஜோதமுக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. என் ஒரு கையால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது. தூக்கினான். அந்த ஒரு பெஞ்சின் கைகளால் பாலம் தோற்றது.

கால் அறுத்த அன்று மாலை வீட்டில் அவன் மனைவி ஹல்டா சோள அடையும் உப்புப் பன்றிக்கறியும் எடுத்துவைத்தாள். அவளும் அன்று காலை ஆற்றில் விழுந்தவள்தான். தலைமுடி இன்னும் காயவில்லை. ஜோதம் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடு."

"இறங்கல."

"நீ ஒருத்தன் தூக்காம இருந்தாலும் தோத்துதான் போயிருக்கும்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்கற. சொல்ல மாட்டேன். எனக்கும் எண்ணத் தெரியும். ஆறிப்போறதுக்கு முன்னாடி சாப்பிடு."

ஊரில் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தறியில் பட்டை அறுந்தால் முன்போலவே "ஜோதம் அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டார்கள். சரிசெய்து கொடுத்தால் நன்றி சொன்னார்கள். யாராவது முகத்தில் துப்பினால் துடைத்துக்கொண்டாவது போகலாம். அவன் தறிக்கூடத்தில் குனிந்தே நடந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு எழுந்தபோது வாயை மட்டும் அசைத்தான்.

ஹிக்கரி என்கிற கெட்டி மரத்தில் ஒரு ஊன்றுகோல் செய்தான். அக்குளில் குத்தாமல் இருக்க மேலே பஞ்சு வைத்துத் தோல் தைத்தான். அதை எடுத்துக்கொண்டு ஆல்மிராவின் வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் கணவன் திமிங்கில வேட்டைக் கப்பலில் போயிருந்தான். எந்தக் கடலில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

"உள்ள வா. காலை வெட்டின வைத்தியரே தைரியமா உள்ள வர்றாரு, நீ என்ன வாசல்லயே நிக்கிற?"

ஊன்றுகோலை நீட்டினான். அவள் வாங்கித் தட்டிப் பார்த்தாள். "நல்லா இழைச்சிருக்க. பாலத்தை உன்கிட்ட விட்டிருக்கலாம்" என்றாள்.

"அக்கா, அந்த மார்ச் கூட்டத்துல நான்..."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கை தூக்கற கூட்டம்தானே. கண்ணைக் கட்டிக்கிட்டா தூக்கினீங்க? ஊருக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் சமாதானப்படுத்தணும். இல்லாத கால் ராத்திரியெல்லாம் எனக்கு வலிக்குது ஜோதம். இதுல உன் மனசுக்கும் நான்தான் கட்டுப் போடணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்கப்பா ராஜாவை விரட்டத் துப்பாக்கி தூக்கினவரு. பனியில கால்விரல் ரெண்டு போச்சு. திரும்பி வந்தப்ப, நிலம் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லைன்னுட்டாங்க. சாகற வரைக்கும் ஒரு ஓட்டுப் போடல அந்த மனுசன். யாருக்காகச் சண்டை போட்டோம்னு கேட்டுக்கிட்டே செத்தாரு. நீ என்னடான்னா, ஓட்டு கையில வந்தும் அதை அந்தாளுக்கே குடுத்துட்டு வந்து நிக்கிற. ஊன்றுகோலுக்கு நன்றி. போயிட்டு வா."

வெட்கம் என்றால் இத்தனை நாள் தனக்கு அர்த்தமே தெரியாமல் இருந்தது என்று ஜோதமுக்குப் பட்டது. தெருவில் இறங்கி நடக்கும்போது காதுமடல்கள் எரிந்தன.

பாலம் போனபிறகு விங்கேட் ஒரு தட்டைப்படகை விட்டார். ஊரே அவரை வாழ்த்தியது. வாரக் கடைசியில் கூலி வாங்கியபோதுதான் எல்லாருக்கும் படகுக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. படகு தாமதமானதால் வேலைக்குத் தாமதமானவர்களுக்கு அதற்கும் தனியாகப் பிடித்திருந்தார்கள்.

"பாலத்தை விழவிட்டவரும் அவரு, படகுக்குக் காசு வாங்கறவரும் அவரு" என்றான் டெக்லன் ராச். அயர்லாந்திலிருந்து வந்த நெசவுக்காரன். நாக்கில் எண்ணெய் விட்டதுபோலப் பேச்சு. "நீந்திப் போனா நனைஞ்ச தண்ணிக்குக் காசு கேப்பாரு, பாத்துக்கிட்டே இருங்க."

யாரும் சிரிக்கவில்லை. மே மாதத்தின் ஒரு காலை, நீர்ச்சக்கரம் சுற்றியது, தண்டுகள் சுற்றின, பட்டைகள் தடதடத்தன. தறிகள் மட்டும் ஓடவில்லை. பெண்களும் ஆண்களும் அவரவர் தறியின் பக்கத்தில் கை கட்டி நின்றார்கள். ஊடுநூல் சுமந்து ஓடுகிற நாடாக்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. எண்ணெய்க் குப்பியோடு நடுவழியில் நின்ற ஜோதம் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

விங்கேட் வந்தார். உயரமானவர், சத்தம் போடாதவர். கையிலிருந்த தொப்பியைத் தட்டிப் பஞ்சுத் தூசை உதறினார்.

"என்ன இது, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"படகுக் காசு பிடிக்கறதை நிறுத்துங்க முதலாளி" என்றாள் ஹல்டா. "பாலம் கட்டுங்க. ஆல்மிராவுக்குக் கால் போனது உங்க வேலைக்கு வர்ற வழியில. அவங்க உக்காந்து சாப்பிட ஒரு வழி பண்ணுங்க."

"பாலம் என் விஷயமா? அது ஊர் விஷயம். ஊர்க்கூட்டம் கூடுச்சு, பேசுச்சு, வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு. இது குடியரசு நாடு அம்மா. பெரும்பான்மை சொன்னா நானும் கட்டுப்படணும், நீங்களும் கட்டுப்படணும்."

யாரும் ஜோதமைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"ஜூலை நாலாம் தேதி சுதந்திர நாள் மேடையில ஏறி, எல்லா மனுசனும் சமம்னு கணீர்னு படிக்கிறீங்களே முதலாளி" என்றான் டெக்லன். "அதுக்கும் கை தூக்கச் சொல்லிப் பாத்தீங்களா? எத்தனை பேர் தேறினாங்க?"

விங்கேட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "தறியை ஓட்டுறவங்க ஓட்டலாம். ஓட்டாதவங்க என் வீட்டைக் காலி பண்ணலாம்" என்றார். வெளியே போகும்போது ஜோதமின் தோளைத் தட்டினார். "நீ என் அறைக்கு வா."

அறையில் பத்திரம் தயாராக இருந்தது. மையும் இறகுப் பேனாவும் பக்கத்தில்.

"ஆகஸ்டு வரைக்கும் விட்டுவைக்கலாம்னுதான் பாத்தேன். ஊர் நிலவரம் சரியில்ல. உன் துண்டைத் திருப்பி எழுதிடு. உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ நல்லவன் ஜோதம். உன்னை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் இந்த ஊர் நடக்குது."

உன்னை மாதிரி ஆளுங்க. அந்தச் சொல் அவன் நெஞ்சில் மண்வெட்டிபோல இறங்கியது. பேனாவை எடுத்தான். மையைத் தொட்டான். எழுத்து வரவில்லை.

"முதலாளி, அந்த நிலத்துல நான் இன்னும் கால் வெச்சுப் பாத்ததே இல்ல."

"பாக்க என்ன இருக்கு அங்க? பாறையும் முள்ளும்."

"ஒரு தடவை பாத்துட்டு வந்து போட்டுடறேன்."

விங்கேட் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டதுபோலக் கையை அசைத்து அனுப்பினார்.

படகில் ஏறி மேற்குக் கரைக்கு வந்தபோது குடியிருப்புத் தெருவில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஊர்க் காவலரும் கூலியாட்கள் நால்வரும் வீடுவீடாகச் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டில், வாணலி, மாவுப் பீப்பாய், தொட்டில். வெளியே வைத்ததையும் இருக்க விடவில்லை.

"இங்க வைக்கக் கூடாது, இது ஆலை நிலம்" என்றார் காவலர்.

"சரி, ரோட்டோரமா வைக்கிறோம்" என்றான் டெக்லன்.

"அதுவும் ஆலை நிலம்."

"கோயில் வாசல்ல?"

"அந்த மண்ணும் முதலாளியோடதுதான்."

"அப்ப ஆகாயத்துல தொங்கவிடவா? இல்ல, அதுக்கும் பத்திரம் இருக்கா?"

ஆல்மிரா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று அவளிடம் சொல்ல மட்டும் காவலருக்கு வாய் வரவில்லை. அவளைச் சுற்றிப் பெண்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், இறக்கிவைக்க இந்தப் பூமியில் இடம் இல்லாமல். ஜோதம் இதைத் திட்டமிடவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பான். வாய்தான் முந்திக்கொண்டது.

"என் நிலத்துல வைங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அவனுக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

"பாலம் விழுந்த இடத்துக்குப் பக்கத்துல. பாறையும் முள்ளுந்தான். ஆனா என் பேர்ல இருக்கு. காவல்காரரே, இருக்கா இல்லையா?"

காவலர் தாடையைச் சொறிந்தார். "இருக்கு. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்" என்றார் பாவம் போல.

முள்ளை வெட்டினார்கள். கையில் கிழிந்தவர்கள் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி வெட்டினார்கள். பாறைகளுக்கு நடுவே கட்டில்கள் கோணல்மாணலாக நின்றன. கப்பல் பாய்த்துணி கொஞ்சம் யாரிடமோ இருந்தது; போர்வைகள், படுக்கை விரிப்புகள், மேசைத்துணி எல்லாம் கூடாரமாயின. ஹல்டா சாயங்காலம் தன் வீட்டுப் படுக்கையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நம்மை இன்னும் காலி பண்ணச் சொல்லலியே" என்றான் ஜோதம்.

"நாளைக்குச் சொல்லுவாரு. அவருக்கு அந்தச் சிரமம் எதுக்கு?"

டெக்லன் பாறையின் உச்சியில் ஏறி நின்று நிலத்தை அளப்பதுபோலப் பார்த்தான். "இதை எங்க எல்லாருக்கும் கூறு போட்டுக் குடுத்துடேன் ஜோதம். ஆளுக்கு ஒரு ஓட்டு வந்துடும்."

"நானும் யோசிச்சேன். இவ்வளவு மதிப்புக்கு மேல நிலம் இருக்கணுமாம். கூறு போட்டா ஒருத்தருக்கும் தேறாதாம்."

"கெட்டிக்காரங்கதான்யா சட்டம் எழுதினவங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான் டெக்லன்.

சிரித்தார்கள். ஜோதமாலும் சிரிக்க முடிந்தது, கொஞ்சம். அவன் நிலத்திலிருந்து பார்த்தால் முறிந்த பாலத்தின் கால் நேர் எதிரே தெரிந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே அவன் வேலை செய்தான்.

மறுநாள் முற்பகலில் விங்கேட்டின் குதிரைவண்டி வந்து நின்றது. அவர் நிலத்துக்குள் கால் வைக்கவில்லை. விளிம்பில் நின்றார். கூடவே எழுத்தர், கையில் பத்திரமும் மைக்கூடும்.

"ஜோதம், உன் மேல எனக்குக் கோபம் இல்ல. மனசு கேக்காம செஞ்சுட்ட. எனக்கும் மனசு இருக்கு. இதுல கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை தச்சனுங்களும் கல்தச்சனுங்களும் வருவாங்க. கருங்கல் காலு வெச்சு, என் சொந்தச் செலவுல பாலம் கட்டித் தர்றேன். ஊர் வரியில ஒரு காசு வேண்டாம்."

பாலம். ஏப்ரலுக்குப் பிறகு ஜோதமுக்கு முதல் தடவையாக முழு மூச்சு உள்ளே போனது. கருங்கல் கால் போட்ட பாலத்தில் எல்லாரும் நடந்து போவதை அவன் பார்த்தான். தானும் தலை நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்தான். ஒரு கையெழுத்து. தூக்கிய கையாலேயே கட்டியும் கொடுத்துவிடலாம். எழுத்தர் நீட்டிய பேனாவை நோக்கி அவன் கை போனது.

"ஜோதம்" என்றாள் ஆல்மிரா பின்னாலிருந்து. "யாருக்கு அந்தப் பாலம்?"

"நமக்குத்தான் அக்கா. நம்ம எல்லாருக்கும்."

"நமக்கா, உனக்கா?" கோலை ஊன்றிப் பாறைகளுக்கு நடுவே மெதுவாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. "அவரு கட்டின பாலத்தை அவரே ஒரு நாள் சங்கிலி போட்டுப் பூட்டுவாரு. அன்னிக்கு நாங்க நிக்கறதுக்கு இந்தப் பாறையும் இருக்காது. உன் மனசு ஆறணும்னு எங்க இடத்தை விக்காதே. உன் மனசு ஆறலேன்னா ஆறாமலே இருக்கட்டும். என் கால் மாதிரி."

அவன் கை நடுவழியில் நின்றது. அவள் சொன்னது கொடுமையாக இருந்தது, உண்மையாகவும் இருந்தது. தான் விலை பேசிக்கொண்டிருந்தது தன் நிம்மதியைத்தான் என்று அவனுக்கு அப்போது புரிந்தது. மார்ச்சில் வேலை போய்விடுமோ என்று பயந்து இவர்களைக் கேட்காமல் கை தூக்கினான். இப்போது குற்றவுணர்ச்சிக்குப் பயந்து இவர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடப் போகிறான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பேனாவைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"முதலாளி, நான் ஒருத்தன் முடிவு பண்ணினா மறுபடியும் அதே கதைதான். இவங்களைக் கேளுங்க."

"இவங்களையா?" விங்கேட் உண்மையாகவே வியந்தார். "இதுல ஒருத்தன் பேர்ல ஒரு அடி நிலம் உண்டா? பாதிப் பேர் பொம்பளைங்க. இவங்களை நான் எந்தச் சட்டத்துல கேக்கறது?"

"நிலம் என் பேர்லதானே இருக்கு? நிலம் உள்ளவன் பேச்சுதானே இந்த ஊர்ல எடுபடும்? நிலத்துக்காரன் சொல்றேன். கேளுங்க."

விங்கேட் கேட்கவில்லை. அவருடைய அப்பாவும் யாரையும் கேட்டவர் இல்லை. கேட்கிற பழக்கமே அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதனால் ஜோதமே திரும்பி, வாய் குழற, அங்கிருந்தவர்களைக் கேட்டான். "பாலம் தர்றேங்கறாரு. பதிலுக்கு இந்த நிலத்தைக் கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

அவர்களை இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. முதலில் ஹல்டாதான் சொன்னாள்: "வேண்டாம்." அடுத்து பாறைமேல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் "வேண்டாம்" என்றாள். பிறகு ஆண்கள், பிறகு தூரத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவர்கள். டெக்லன் மட்டும் ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை. "பாலம் வேணும். அதை ஊரு கட்டணும். ஊருன்னா நாங்களும் சேர்ந்ததுதான்" என்றான்.

விங்கேட்டின் முகம் மாறியது. "திங்கக்கிழமை வக்கீலோட வருவேன். மாவட்ட அதிகாரியும் வருவார். சட்டம் என் பக்கம் ஜோதம்."

"சட்டம் எப்பவும் உங்க பக்கம்தான் முதலாளி. இந்தத் தடவை பத்திரம் மட்டும் என் பக்கம் இருக்கு."

வண்டி திரும்பிப் போனது. வெற்றி பெற்றதாக யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாவு எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெற்கிலிருந்து காற்று கிளம்பியிருந்தது, பாய்த்துணிகள் படபடத்தன.

அப்போது ஆற்றோரமாக ஒருவன் வருவது தெரிந்தது. முழங்கைவரை நீலச்சாயம் ஏறிய ஸ்டூக்லி டானர். மார்ச் கூட்டத்தில் ஜோதமின் பெஞ்சில், ஜோதமின் பக்கத்தில் இருந்தவன். விளிம்பில் தயங்கி நின்றான். வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை யாரும்.

"என் துண்டையும் நான் இன்னும் திருப்பி எழுதல" என்றான் தரையைப் பார்த்து. "கீழ்ப்பக்கம் இருக்கு. சதுப்பு. கொசு பிடுங்கும். ஆனா... இடம் பத்தலேன்னா..."

அந்த முகத்தை ஜோதமுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகத் தன் தோலுக்கு உள்ளே சுமந்துகொண்டு திரிகிற முகம்.

"வா" என்றான்.

காற்று வலுத்தது. பெரிய கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு எழும்பியது. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். எல்லாரும் கயிறுகளை நோக்கி ஓடினார்கள். ஜோதம் மட்டும் ஆல்மிராவின் பக்கத்தில் ஒரு கணம் நின்றான். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"என்னை மன்னிச்சுட்டியா அக்கா?"

"இல்ல" என்றாள் ஆல்மிரா. "அந்தக் கயித்தைப் பிடி. குழந்தைங்க மேல சாயப் போகுது."

அவன் ஓடிப்போய்ப் பிடித்தான். இந்தப் பக்கம் அவனும் ஸ்டூக்லியும். எதிர்ப்பக்கம் யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று உப்பிய துணிக்கு அப்பால் தெரியவில்லை. நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் இழுத்த இழுப்பில் கயிறு அவன் உள்ளங்கையை அறுத்தது. அவன் விடவில்லை.